ஊர்ப் பெயர் தெரியாமல் மாநாட்டுக்குப் போகலாமா?

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் முன்னோரைத் தேடிக் கூடும் மாநாடுகள் அங்கே தொடர்ந்து நடக்கின்றன. 2019இல் சேக்ரமென்டோவிலும் 2023இல் ஃபோர்ட் வேனிலும் நடந்தவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றுக்கு வருவோர் செய்யும் பெருந்தவறு, "எங்கள் பாட்டனார் ஜெர்மனிக்காரர்" என்ற ஒற்றை வரியோடு நிபுணர் முன் அமர்வதுதான்.

1871 வரை ஜெர்மனி என்ற ஒரே அரசு கிடையாது. பிரஷ்யா, பவேரியா, பாடன், வூர்ட்டம்பெர்க் எனத் தனித்தனி அரசுகளே இருந்தன. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு அலுவலகமே பதியும் முறை நாடு முழுவதற்குமாக வந்தது 1876 ஜனவரி 1 அன்றுதான். அதற்கு முந்தைய பதிவுகளில் பெரும்பாலானவை பங்குத் தேவாலயங்களின் ஏடுகளில் ஊர்வாரியாக இருப்பதால், ஊர் தெரியாதவருக்கு எந்த ஏட்டைப் புரட்டுவது என்று எந்த நிபுணராலும் சொல்ல இயலாது.

அந்த ஊர்ப் பெயரைக் கப்பல் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பியிருப்பதும் தவறு. ஹாம்பர்க் துறைமுகத்தின் 1850 முதல் 1934 வரையிலான பட்டியல்கள் பெருமளவு எஞ்சியுள்ளன. பயணி கடைசியாக வாழ்ந்த ஊரும் அவற்றில் உண்டு. பிரேமன் துறைமுகம் வழியாகச் சென்றவர்களுக்கோ அந்த வாய்ப்பு மிகக் குறைவு. இட நெருக்கடியால் பழைய பட்டியல்களை அங்கே அழித்துவிட்டார்கள், மிஞ்சியவற்றுள் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போயிற்று. 1906க்கு முந்தைய அமெரிக்கக் குடியுரிமைத் தாள்கள் பெரும்பாலும் "பிரஷ்யா" என்பதோடு நின்றுவிடும். எனவே குடியேறியவர் அமெரிக்காவில் சேர்ந்திருந்த ஜெர்மன் தேவாலயத்தின் திருமண, அடக்கப் பதிவுகளையும், உள்ளூர் ஜெர்மன் மொழிச் செய்தித்தாளில் வந்த மரண அறிவிப்பையும், பக்கத்து வீட்டுக்காரர்களின் பூர்வீகத்தையும் வீட்டிலிருந்தபடியே முதலில் தேடிவிட்டுத்தான் மாநாட்டுக்குப் புறப்பட வேண்டும்.

ஊர் கிடைத்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. நாய்ஸ்டாட் என்றால் "புதுநகர்". அந்தப் பெயரில் எத்தனையோ ஊர்கள் உள்ளன. 1912இல் வெளியான மேயர் ஊர்ப்பெயர் அகராதி எந்த ஊர் எந்த ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது என்று காட்டும். இப்போது அதை இணையத்திலேயே பார்க்கலாம். சமயப் பிரிவையும் அறிந்திருக்க வேண்டும்: கத்தோலிக்க ஏடுகள் பலவற்றை மாட்ரிகுலா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், புராட்டஸ்டன்ட் ஏடுகள் பலவற்றுக்கு ஆர்கியோன் தளத்தில் கட்டணம் உண்டு. முன்பு ஜெர்மனியின் கிழக்கே இருந்த பொமரேனியா, சைலீசியா ஆகியவற்றின் பெரும்பகுதி 1945க்குப் பின் போலந்தின் வசமானதால், அப்பகுதிக்காரர்கள் போலந்து ஆவணக் காப்பகங்களைப் பற்றிய உரையை விட்டுவிட்டு பாடன் பற்றிய உரையில் போய் அமர்வதில் பயனில்லை.

குடியேற வந்தவர்களை நியூயார்க் துறைமுகத்தில் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதை எந்த மாநாட்டிலும் காதில் விழும். ஆனால் பயணிகளின் பட்டியல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. அந்தத் தீவு திறக்கப்பட்டதும் 1892இல்தான், ஜெர்மானியர்களில் மிகப் பலர் அதற்கு முன்பே வந்து இறங்கிவிட்டார்கள். முல்லர் "மில்லர்" ஆனது பெரும்பாலும் பின்னாளில், குடும்பத்தினரின் விருப்பத்தாலோ அண்டை அயலாரின் உச்சரிப்பாலோ.

இன்னொன்று: குர்ரென்ட் எனப்படும் பழைய ஜெர்மன் கையெழுத்தில் உள்ள ஒரு சொல்லைப் படித்துத் தரச் சொல்லி, அந்தச் சொல்லை மட்டும் வெட்டியெடுத்துக் கொண்டுவருகிறார்கள். அவ்வெழுத்தில் "e"யும் "n"னும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். எழுதியவரின் கைப்பழக்கத்தை மற்ற வரிகளோடு ஒப்பிட்டால்தான் படிக்க முடியும் என்பதால், முழுப் பக்கத்தின் தெளிவான நகலைக் கொண்டுசெல்ல வேண்டும்.