பாதுகாப்பு உத்தரவு கையில், அவர் வீடு மூன்றாவது வாசலில்

வடசென்னையின் வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ, கோர்ட் "வரக் கூடாது" என்று சொன்ன மனிதர் வேறு ஊருக்குப் போய்விடுவதில்லை. மூன்று வீடு தள்ளி அம்மா வீட்டில் இருப்பார். காலையில் அதே அடிபம்புக்குத்தான் வருவார். அதனால் "மனுதாரரைத் தொந்தரவு செய்யக் கூடாது" என்ற ஒற்றை வரி ஆர்டர் இங்கே போதாது. மனு எழுதும்போதே இதை யோசித்துவிட வேண்டும்.

குடும்ப வன்முறைச் சட்டம், 2005-இன் 18-வது பிரிவில்தான் பாதுகாப்பு உத்தரவு கிடைக்கிறது. மனைவி மட்டுமல்ல, ஒரே வீட்டில் வாழ்ந்த தாய், சகோதரி, திருமணம் போன்ற உறவில் இருந்த பெண் எல்லாரும் கேட்கலாம். ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் இருக்கும் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நேராக மாஜிஸ்திரேட்டிடமும் மனு போடலாம். அடி வாங்கி அம்மா வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால், அந்த ஏரியா கோர்ட்டே போதும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும்; எண் 15100. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்திருந்தால் ஏ.ஆர். காப்பியை (காயத்தைப் பதிந்த விபத்துப் பதிவேட்டின் நகல்) அப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், தீர்ப்பு அந்த விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா இழுக்கும். அதனால் 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்டு, பிரமாண வாக்குமூலத்தையும் முதல் நாளே சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அவசரம் புரிந்தால் எதிர்த்தரப்பு வராமலே மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம்.

இனி வாசகம். "100 மீட்டர் தள்ளி" என்று கேட்டால் குறுக்குச் சந்தில் யார் அளப்பது? இடங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: கதவு எண்ணோடு வீடு, ஹவுசிங் போர்டு என்றால் பிளாக்கும் மாடிப்படியும், வேலை பார்க்கும் கம்பெனி, பிள்ளையின் பள்ளி, ஷேர் ஆட்டோ ஏறும் இடம். தொடர்புக்கு இப்படி ஒரு வரி: "எதிர்மனுதாரர் தானாகவோ, உறவினர், நண்பர் மூலமாகவோ, நேரில், போனில், வாட்ஸ்அப்பில், சமூக வலைதளத்தில் என்னைத் தொடர்புகொள்ளக் கூடாது." அந்த "உறவினர் மூலமாக" விட்டுப்போனால் மறுநாளே நாத்தனார் வாசலில் நிற்பார். வீட்டில் இருக்கும் உரிமை 19-வது பிரிவு, ஜீவனாம்சம் 20. இவற்றையும் அதே மனுவில் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஆர்டர் வந்ததும் இலவச காப்பி உங்கள் உரிமை. உங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்கும் ஒரு காப்பி போக வேண்டும். போயிருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். நீங்களே ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் காப்பியில் தேதியோடு சீல் வாங்குங்கள். இன்னொன்று பள்ளித் தலைமை ஆசிரியருக்கு.

பலர் சறுக்குவது இங்கேதான். பிள்ளைக்குக் காய்ச்சல், பீஸ் கட்டணும் என்று பெண்ணே அவருக்கு மெசேஜ் போட்டுவிடுவார். அதனால் ஆர்டர் ரத்தாகாது, அவர் பதில் போட்டால் மீறல்தான். ஆனால் அந்த மெசேஜைக் காட்டி "அவளே கூப்பிட்டாள்" என்று அவர் வக்கீல் வாதாடுவார். பிள்ளை விஷயத்துக்கு 21-வது பிரிவில் வழி கேளுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, யார் கூட்டிப்போய் யாரிடம் விடுவது என்று எழுத்தில். பிள்ளையின் கையில் சேதி கொடுத்து அனுப்புவது இரண்டு பேருமே செய்யக் கூடாது. அந்தக் குழந்தை தூங்காது.

எதிர்மனுதாரருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. துணிமணி, வேலைச் சாமான், லைசென்ஸ் எடுக்க நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். வக்கீல் மூலம் கோர்ட்டில் அனுமதி கேளுங்கள். ஆர்டர் தப்பென்று நினைத்தால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போடலாம். ஏரியாப் பெரியவர்கள் பஞ்சாயத்து பேசி "சரி, போய்ப் பாரு" என்றால் அது அனுமதி ஆகாது, ஜெயிலுக்குப் போவது அவர்கள் இல்லை.

மீறினால் 31-வது பிரிவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம், வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181. நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான அத்தாட்சி) இல்லாமல் எழுந்து வராதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் "அவர்" என்று சேவ் செய்த பெயர் மட்டும் தெரிந்தால் பயனில்லை. எண்ணும் தேதியும் தெரியணும். வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். எலக்ட்ரானிக் சாட்சிக்கு புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023) 63-வது பிரிவுச் சான்று வேண்டும், அதை வக்கீல் தயார் செய்வார்.

இறுதி ஆர்டர் தானாகக் காலாவதியாகாது. நீங்கள் ரத்து கேட்கும் வரை 25-வது பிரிவின்படி உயிரோடு இருக்கும். சூழ்நிலை மாறினால் இரண்டு பேரில் யாரும் திருத்தம் கேட்கலாம். மனம் ஒத்துப்போய்ச் சேர்ந்து வாழ முடிவெடுத்தால், முதலில் கோர்ட்டில் மனு போட்டு ரத்து செய்யுங்கள், பிறகு அவர் பெட்டியோடு வரட்டும்.