ஆணா, பெண்ணா? கேரக்டர் திரையில் நேரத்தைக் கரைக்காதீர்கள்

ரோல் பிளேயிங் வீடியோ கேம் தொடங்கும் முன், நீங்கள் உருவாக்கும் கேரக்டரின் பாலினம் அதன் காதல் கதையைப் பாதிக்குமா என்று மட்டும் பாருங்கள். பாதிக்காது என்றால் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டு உள்ளே போய்விடலாம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவருக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. அதில் ஒரு மணி நேரம் இந்தத் திரையிலேயே போகக் கூடாதுங்க.

ஸ்கைரிம் விளையாட்டில் ஆரம்பத் திறமைகளைத் தீர்மானிப்பது கேரக்டரின் இனம்தான் (மனிதர், எல்ஃப் மாதிரி), பாலினம் அல்ல. பால்டர்ஸ் கேட் 3-இல் எந்தப் பாலினமாக இருந்தாலும் தோழர்களைக் காதலிக்கலாம்; முகாமில் இருக்கும் மாயக்கண்ணாடியில் தோற்றத்தையும் குரலையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மிச்சமாகும் நேரத்தில் குரலைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். முகத்தைவிட அதுதான் கடைசிவரை கூட வரும்.

2014-இல் வந்த டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனுக்கு இது பொருந்தாது. அதில் கூட வரும் தோழி கசான்ட்ரா ஆண் கேரக்டரை மட்டுமே காதலிப்பாள். ஆலோசகர் கல்லன், மனித அல்லது எல்ஃப் இனப் பெண்ணை மட்டும். நடுவில் மாற்ற வழியில்லை, முதலிலிருந்துதான் ஆட வேண்டும். அப்புறம் விட்சர் 3-இல் இந்தக் கேள்வியே வராது, ஜெரால்ட்தான் நாயகன்.