ரயில்வே கேட்டில் மினுக்கிய சிவப்பு விளக்கு

அப்பா ஓட்டிய 1984 அம்பாசடர் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜின். போன சித்திரையில் புதுக்கோட்டையிலிருந்து திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் அணைந்தது; காலை எடுத்தால் மறுபடி எரிந்தது. மறுநாள் பட்டறையில் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "பேரிங் போயிருக்கும் சார், என்ஜினை இறக்கிவிடலாம்" என்றார்கள். இறக்க நான் ஒப்பவில்லை.

ஓடும்போதே விளக்கு எரிந்து அணையாமல் நின்றால், அந்த நொடியே என்ஜினை நிறுத்திவிடுங்கள். கீழே சொல்வதெல்லாம் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் என்ஜின் ஓடும்போது மட்டும் மினுக்கும் வண்டிக்கு.

முதலில் ஆயில் கம்பி. சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும் ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயில் நீர்த்துவிட்டது என்று பொருள். அப்படியானால் பெட்ரோல் பம்பின் டயாபிரமையும் சோக்கையும் கவனிக்க வேண்டும். ஐடிலிங் சுற்று குறைந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்தது, என்ஜினில் ஆயில் அழுத்தத்தை உணர்ந்து அந்த விளக்கை எரியவைக்கும் ஸ்விட்ச். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டுவிட்டு அதன் ஒயரைக் கழற்றுங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால், ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. அணைந்தால் ஒயரில் குற்றமில்லை. ஆனால் ஸ்விட்ச் உண்மை சொல்கிறதா என்பது இன்னும் தெரியாது. அதற்குத்தான் மீட்டர் வேண்டும்.

ஸ்விட்ச்சைக் கழற்றி, அந்த மரையில் 100 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) வரை காட்டும் ஆயில் அழுத்த மீட்டரைப் பொருத்துங்கள். அடாப்டரை லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். குளிர்ந்த என்ஜினில் கிடைக்கும் எண்ணை நம்பாதீர்கள். கெட்டியான ஆயில் எந்தத் தேய்மானத்தையும் மறைத்துவிடும். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். ஐடிலிங்கில் 15 பவுண்டு இருந்தால் நிம்மதி. வேகத்தில் 50ஐத் தொட வேண்டும். என் வண்டி காலையில் 55 காட்டியது. சூடானதும் ஐடிலிங்கில் 8, வேகத்தில் 42.

கடைசியாக ஆயில் மாற்றியபோது 5டபிள்யூ-30 ஊற்றியிருந்தார்கள் என்பது ரசீதைத் தேடி எடுத்தபோதுதான் தெரிந்தது. மெல்லிய ஆயில்; புதிய கார்களுக்கு அது நல்லது. இந்தக் கிழவனுக்குக் கெட்டியான 20டபிள்யூ-50 வேண்டும். ஃபில்டரோடு சேர்த்து மாற்றினேன். 8 என்பது 12 ஆனது.

பிறகு, அழுத்தம் அளவு மீறினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு. இந்த என்ஜினில் அது பிளாக்கின் பின்பகுதியில், வெளியிலிருந்தே கைக்கு எட்டும். குமிழ் போன்ற நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்கும், அதன் பின்னால் கிண்ணம்போல ஒரு பிளஞ்சரும் வரும். என்னுடையதில் பிளஞ்சரின் விளிம்பில் கறுப்பு மண்டி ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் பளபளத்தது. சரியாக உட்காராமல் அந்த இடைவெளியில் ஆயில் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. புதுப் பிளஞ்சர், நட்டுக்குப் புது ஃபைபர் வாஷர்கள். மீட்டர் 17 காட்டியது.

சிலர் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்கச் சொல்வார்கள். ஐடிலிங்கில் அந்த வால்வு மூடித்தான் இருக்கும்; ஸ்பிரிங்கை இறுக்கி அங்கே ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஸ்விட்ச்சைத் திரும்பப் பூட்டும்போது மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றாதீர்கள். அது பாடி வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. டேப் தடுத்தால் விளக்கு எரியவே எரியாது.

இவ்வளவும் செய்து, சூட்டில் 10 பவுண்டுகூட எட்டவில்லையா? ஏற்றத்தில் அழுத்தும்போது அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று கேட்கிறதா? என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியை (சம்ப்) இறக்கி ஒரு பேரிங் மூடியைக் கழற்றிப் பாருங்கள். சாம்பல் பூச்சுக்கு நடுவே செம்பு நிறம் தெரிந்தால், பட்டறைக்காரர் சொன்னதுதான் சரி.