மரக்கறி பாஸ்தா பேக்: மலைநாட்டு அடுப்புக்கு ஏற்றபடி

பாஸ்தா பேக் இரண்டு இடங்களில்தான் பிழையாகும். ஒன்று, பாஸ்தா நடுவில் மாவாகக் கடிபடும். மற்றது, தட்டின் அடியில் தண்ணீர் தேங்கும். ஓவனுக்குள் போன பிறகு இரண்டையும் திருத்த வழியில்லை. அதனால் அதற்கு முந்தைய வேலைக்கே இங்கே அதிக இடம்.

4 அல்லது 5 பேருக்கு: பென்னே அல்லது சுருள் பாஸ்தா 250 கிராம், நன்றாகப் பழுத்த தக்காளி 1 கிலோ, பெரிய வெங்காயம் 1, பூண்டு 5 பல், லீக்ஸ் 1, கரட் 2, கறிமிளகாய் 2, மொசரெல்லா 150 கிராம், செடார் 50 கிராம், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, இடித்த செத்தல் மிளகாய் 1 தேக்கரண்டி, காய்ந்த ஒரிகானோ 1 தேக்கரண்டி, உப்பு, கொஞ்சம் சீனி. தட்டு 20க்கு 25 சென்ரிமீற்றர், ஆழம் 5 சென்ரிமீற்றர்.

தக்காளிச் சாறு

போத்தலில் வரும் தக்காளி சோஸ் இதற்கு ஆகாது. அதில் சீனியும் வினாகிரியும் உண்டு. சூடானதும் இனிப்பு தூக்கி நிற்கும். தக்காளியைக் கொதிநீரில் போட்டுத் தோலுரிக்கவும் தேவையில்லை. குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியில் தேய்த்தால் சதை கீழே விழும், தோல் கையில் மிஞ்சும். மிக்ஸியில் அடித்தால் காற்றும் விதையும் கலந்து நிறம் வெளிறிவிடும். துருவிதான் நல்லது.

2 மேசைக்கரண்டி எண்ணெயில் வெங்காயம், பூண்டை வதக்கி, செத்தல் மிளகாயைப் போட்டு, உடனே தக்காளியை ஊற்றுங்கள். அகலமான தாச்சியில், மூடாமல், நடுத்தரத் தீயில் 20–25 நிமிடம் வற்ற வேண்டும். மரக்கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளக் கூடாது. அப்போது ஒரிகானோ, உப்பு சேர்த்து, புளிப்பு மிஞ்சினால் 1 தேக்கரண்டி சீனி. கறித்தூள் போடலாமா என்றால் போடலாம். ஆனால் பிறகு அது மக்ரோனிக் கறி, வேறு சமையல்.

மரக்கறி

லீக்ஸை நீளவாக்கில் பிளந்து, மடல்களை விரித்துக் கழுவுங்கள். வெளியே வெள்ளையாக இருந்தாலும் உள்மடல்களுக்கு இடையில் மண் ஒளிந்திருக்கும். முழுசாகக் கழுவி வெட்டினால் கடைசியில் பல்லில் நறநறக்கும். லீக்ஸ், கரட், கறிமிளகாய் எல்லாவற்றையும் சிறிதாக வெட்டி, மிச்ச எண்ணெயில் கூடிய தீயில் 6–8 நிமிடம் வதக்குங்கள். ஈரம் வற்றி ஓரம் சிவக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் அதன் தண்ணீர் முழுவதும் தட்டின் அடியில் இறங்கும். காளான், கோவா சேர்ப்பவர்கள் இன்னும் கவனம். இரண்டும் நிறையத் தண்ணீர் விடும்.

பாஸ்தா: கணக்கு மாறும் இடம்

பக்கற்றில் போட்டிருக்கும் நேரம் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீருக்கானது. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் 96 அளவில். கேஸைக் கூட்டினாலும் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது, வேகமாக ஆவியாகும், அவ்வளவுதான். உப்பு போட்டால் கொதிநிலை ஏறும் என்பதும், நாம் போடும் அளவுக்கு, கணக்கில் எடுக்கத் தேவையில்லாத ஏற்றம்.

பேக் செய்யும் பாஸ்தாவைப் பக்கற் நேரத்துக்கு 2–3 நிமிடம் முன்னதாக இறக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. கொழும்பில் அது சரி. நுவரெலியாவில் அப்படி இறக்கினால் உள்ளே பச்சை மாவுதான். இங்கே பக்கற்றில் உள்ள நேரம் முழுவதும் வேகவிட்டு, ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் பதம். வெள்ளை வளையமாகத் தடித்திருந்தால் இன்னும் 2 நிமிடம். பிரஷர் குக்கர் வேண்டாம். நுரை பொங்கி வால்வை அடைக்கும், பாஸ்தாவும் களியாகும்.

தண்ணீர் 2½ லீற்றர், உப்பு 1½ மேசைக்கரண்டி. வடிக்கும்போது ஒரு கப் கொதிநீரை எடுத்து வையுங்கள். பாஸ்தாவைப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டாம், சாறு ஒட்டாது.

அடுக்குவது

சாறு, மரக்கறி, பாஸ்தா மூன்றையும் கலந்து, எடுத்து வைத்த நீரை விட்டுச் சாம்பார் பதத்துக்குத் தளர்த்துங்கள். "இவ்வளவு தண்ணியாகவா" என்று தோன்றும். தோன்றட்டும். ஓவனில் பாஸ்தா அதைக் குடித்துவிடும். கெட்டியாக அடுக்கினால் வெளியே வரும்போது வரண்ட கட்டிதான். முன்னே வற்றவைத்ததும் இப்போது நீர் விடுவதும் முரண்போலத் தெரியும். பாஸ்தா வெந்த நீரில் மாச்சத்து உண்டு, அது சாற்றோடு சேர்ந்து நிற்கும். வற்றாத தக்காளி நீர் பிரிந்து ஓடும்.

பாதியைப் பரப்பி மூன்றில் ஒரு பங்கு சீஸ், மீதிப் பாஸ்தா, மேலே மிச்ச சீஸ். மொசரெல்லா இழுபடும், ருசி குறைவு. செடாரில் ருசி உண்டு, தனியே போட்டால் எண்ணெய் கக்கும். அதனால்தான் கலவை. முக்கோணக் கட்டியாக வரும் பதப்படுத்திய சீஸ் இழுபடாது. வேண்டுமானால் சாற்றில் கரையுங்கள். பனீர் உருகவே உருகாது.

வெள்ளிக்கிழமைக்குச் செய்பவர்கள் சீஸ் உறையைத் திருப்பிப் படியுங்கள். சில சீஸ்கள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் கொண்டு உறைய வைக்கப்படுபவை. நுண்ணுயிர் ரெனெட் என்று இருந்தால் சைவம். இத்தாலியின் அசல் பார்மிஜானோ எப்போதும் கன்று ரெனெட்தான்.

ஓவன்

முன்கூட்டியே 190 பாகைக்குச் சூடாக்குங்கள். மேசை ஓவனில் மேல் கம்பி மிக அருகில் இருப்பதால் தட்டைக் கீழ்த்தளத்தில் வையுங்கள். அலுமினியத் தாளின் உள்பக்கத்தில் எண்ணெய் தடவி மூடி 20 நிமிடம். பிறகு தாளை எடுத்து 10–12 நிமிடம், மேலே பொன்னிறப் புள்ளிகள் வரும்வரை. இறக்கி 10 நிமிடம் ஆறவிட்டால்தான் துண்டாக வரும்.

பிறகு சேர்த்தது

முதல்நாள் இரவே அடுக்கி வைக்கலாமா என்று பலர் கேட்டதால்: வைக்கலாம், அரைக் கப் பால் கூட விடுங்கள், ஏனென்றால் பாஸ்தா இரவு முழுக்க உறிஞ்சும். குளிரூட்டியிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டு சூடான ஓவனில் வெடிக்கக்கூடும். சுடச்சுட எடுத்து ஈரமான சீமெந்துத் திண்ணையில் வைத்தாலும் அதே கதி, பலகையில் வையுங்கள். வெறும் அலுமினியத் தட்டில் தக்காளிப் புளிப்பை இரவெல்லாம் விடக்கூடாது. எனாமல் தட்டு இந்த இரண்டு தொல்லையும் இல்லாதது.

ஓவன் இல்லையென்றால், அடி கனத்த தாச்சியில் அதே அடுக்கு, இறுக்கமான மூடி, மிகச் சிறு தீயில் 15 நிமிடம். சீஸ் உருகும், சிவக்காது.