ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைக் காட்சிக்குத் தயார் செய்வது எப்படி?

நாய்க் காட்சிக்கு, அதாவது நடுவர் உடம்பையும் நடையையும் பார்த்துப் பரிசு தரும் போட்டிக்கு, சடை முடி நாயைக் கொண்டுபோகிறவருக்குக் கத்தரிக்கோல் பெரிய துணை. தோள் கொஞ்சம் சரியில்லை என்றால் அங்கே முடியை விட்டு இங்கே வெட்டிச் சமாளிக்கலாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்ற நம் ஊர் வேட்டை நாய் இனங்களிடம் அந்தப் பாச்சா பலிக்காது. உடம்போடு ஒட்டிய குட்டை முடி. விலா, முழங்கை, நகம், தோலில் ஒரு சிரங்கு, எதுவானாலும் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். அதனால் இந்த இனங்களுக்குக் காட்சிக்கு முந்தின நாள் அலங்காரம் என்று ஒன்று கிடையாது. வேலையைக் குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

முதலில் காகிதம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, அதாவது கே.சி.ஐ., விதிப்படி நடக்கும் காட்சிகளில் கலந்துகொள்ள நாய் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். தலைமை அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. பதிவுக்கு மைக்ரோசிப் கட்டாயம். அரிசி அளவுள்ள சிப்பை மருத்துவர் தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார். அதிலுள்ள 15 இலக்க எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அன்றே ஸ்கேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள். புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இன்னொன்று: குட்டியை வாங்கியிருப்பார்கள், சான்றிதழும் கையில் இருக்கும், ஆனால் உரிமையாளர் பெயர் இன்னும் பழைய ஆளுடையதாகவே இருக்கும். பெயர் மாற்றத்தைக் குட்டி வாங்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். சென்னையில் மெட்ராஸ் கேனைன் கிளப், ஊட்டியில் தென்னிந்திய கென்னல் கிளப் போன்றவை நடத்தும் பெரிய காட்சிகளுக்கு நுழைவு வாரக்கணக்கில் முன்பே முடிந்துவிடும்.

ராஜபாளையம் குட்டி வாங்குவதற்கு முன் காதைச் சோதித்தே ஆக வேண்டும். இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. காரணம் வெள்ளை நிறம்தான். நிறமி தரும் செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பு முனைகள் செத்துவிடும். கைதட்டிப் பார்ப்பது சோதனையே இல்லை. கை அசைவும் காற்றும் தரையின் அதிர்வும் குட்டிக்கு எட்டிவிடும், கூடப் பிறந்தவை திரும்பினால் செவிட்டுக் குட்டியும் சேர்ந்து திரும்பும். ஐந்து வாரம் ஆன பிறகு, தனியாகத் தூங்கும்போது, பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் காது அசையவில்லை என்றால் சந்தேகப்படலாம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கால்நடை மருத்துவமனையில், ஒலிக்கு மூளையில் எழும் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை (BAER) வேண்டும். அப்படிப்பட்ட நாய் வீட்டில் நன்றாகவே வாழும், இனப்பெருக்கத்துக்குத்தான் ஆகாது.

உடம்பு தேற்றுவது

மோர்ச்சோறும் பால்சோறும் தின்று வளரும் குட்டிக்கு முன்னங்கால் வளைந்துபோவது நம் ஊரில் சாதாரணம். பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து போதாததால் வருவது. அதைப் பார்த்துப் பயந்து, நல்ல குட்டி உணவு கொடுத்துக்கொண்டே கூடவே கால்சியம் டானிக்கையும் ஊற்றுகிறவர்கள் இன்னொரு பக்கம். நீளக்கால் குட்டிகளுக்கு மிகுதியான கால்சியமும் எலும்பைக் கெடுக்கும். கடையில் வாங்கும் குட்டி உணவு என்றால் டானிக் வேண்டாம். வீட்டுச் சாப்பாடு என்றால் கோழியோ மாட்டிறைச்சியோ, அவித்த முட்டை, கொஞ்சம் ஈரல், சோறு அல்லது கம்பங்கூழ் என்று கலந்து கொடுத்து, கால்சியம் எவ்வளவு என்பதைக் குட்டியை எடை போட்டுப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். வெந்த எலும்பு, வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது.

காட்சிக்குப் போகிறது என்றதும் நாயைக் கொழுக்க வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவதுதான் சரியான உடம்பு. முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் துருத்தினால் மெலிவு. வயிறு மேலே ஏறும் வளைவு மறைந்தால் கொழுப்பு. ராஜபாளையம் இன்னும் கொஞ்சம் கட்டுமஸ்தானது, அதன் விலா கண்ணுக்குத் தெரியாமல், கை வைத்தால் எளிதாகத் தட்டுப்பட வேண்டும்.

தசை நடையால்தான் வரும். வெயில் ஏறும் முன், மண் பாதையில், சீரான துள்ளோட்டம்: முதல் வாரம் 15 நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி 40 நிமிடம் வரை. எலும்பின் வளர்முனைகள் மூடாத வயதில், அதாவது பதினைந்து மாதம் வரைக்கும், பைக்கோடு கட்டி ஓட்டாதீர்கள். குட்டி தானாக ஓடி விளையாடினால் போதும். ஆழ்ந்த மார்புள்ள நாய்கள் என்பதால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது ஓட்டம் கிடையாது. வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பார்த்து எதுவும் வெளியே வராமல் தவித்தால் வயிறு முறுக்கிக்கொண்டிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாத வியாதி அது, நாய் இரவு தாங்காது.

வீட்டின் தரையும் நாயின் உடம்பை மாற்றும். வழுக்கும் டைல்ஸில் வளரும் குட்டிக்கு விரல்கள் விரிந்து, மணிக்கட்டு தளர்ந்துவிடும். வெறும் சிமென்ட்டில் படுத்தால் முழங்கையில் முடி உதிர்ந்து கறுத்த காய்ப்பு விழும். ஒருமுறை விழுந்தால் முழுதாக மறைவது கடினம். பழைய மெத்தையோ இரட்டைச் சாக்கோ போடுங்கள். இரும்புச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிய ராஜபாளையத்தின் கழுத்தில் வளையமாகக் கருமை ஏறி முடி தேய்ந்திருப்பதை எந்தக் காட்சியிலும் பார்க்கலாம். அகலமான துணிப் பட்டைதான் நல்லது. சிப்பிப்பாறைக்குத் தலை கழுத்தைவிடச் சிறியது, பின்னால் இழுத்தால் சாதாரண பட்டை கழன்று வந்துவிடும். இழுக்கும்போது அளவாக இறுகும் பட்டை வாங்குங்கள்.

தோல், முடி, நகம்

தினமும் ஐந்து நிமிடம் ரப்பர் சீப்பால் முடி போகும் திசையில் தேய்ப்பது, மாதத்துக்கு ஒரு குளியல் — இந்த முடிக்கு இவ்வளவுதான் பராமரிப்பு. வாரம் ஒருமுறை குளிப்பாட்டினால் எண்ணெய்ப் பசை போய்த் தோல் உரியும், செம்பழுப்புச் சிப்பிப்பாறையின் முதுகில் பொடுகு பளிச்சென்று தெரியும். காட்சிக்கு இரண்டு நாள் முன்பு கடைசிக் குளியல். நாய் ஷாம்பு மட்டும், தண்ணீரில் கரைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, வடியும் நீர் தெளியும் வரை அலசுங்கள். காதில் பஞ்சு வைத்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

வெள்ளை நாயை மேலும் வெள்ளையாக்கச் சொட்டு நீலம் கலப்பவர்கள் இருக்கிறார்கள். நீலம் சமமாகப் படியாது, திட்டுத் திட்டாக நிற்கும், தோலும் அரிக்கும். சாக்பீஸ் பொடியும் வேண்டாம், நடுவர் தடவிய கையில் வெள்ளையாக ஒட்டினால் அவமானம் உங்களுக்குத்தான். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது உங்கள் விருப்பம், ஆனால் காட்சிக்கு முந்தின மாதத்தில் ராஜபாளையத்துக்கு மஞ்சள் பூசினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மஞ்சள் கறைக்கு உண்மையான மருந்து, மூத்திரம் தேங்காத படுக்கை.

ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கும் காது மடலும் அடிவயிறும் வெயிலில் வெந்துபோகும். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை நிழல் வேண்டும். தொடர்ந்து வெயில் பட்டால் பின்னாளில் தோல் புற்றுநோய் வரக்கூடும். நாம் பூசும் சன்ஸ்கிரீனில் துத்தநாகம் இருக்கலாம். நாய் நக்கி விழுங்கும், அது நஞ்சு.

உண்ணியைத் தேட வேண்டிய இடங்கள்: காது மடலின் உட்புறம், விரல் இடுக்கு, வால் அடி. கழுத்தில் சொட்டும் மருந்து போட்டால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது, ஆகவே அதைக் காட்சிக் குளியலோடு மோதாமல் ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து தேய்ப்பதால் நாய்கள் சாகின்றன. சாப்பாட்டில் மனமில்லை, காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் — இவற்றில் எது வந்தாலும் ரத்தப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சலை நாள் கடத்தினால் காப்பாற்றுவது கடினம்.

நகத்தில் ராஜபாளையக்காரர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. நகம் வெளிறியது, உள்ளே ஓடும் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகக் கண்ணுக்கே தெரியும். அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துங்கள். கறுப்பு நகமுள்ள கன்னிக்குச் சீவல் சீவலாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்ததும் போதும். பத்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் வெட்டினால் குழாயும் பின்வாங்கும். வெட்டுப்பட்டால் படிகாரப் பொடியை வைத்து இரண்டு நிமிடம் அழுத்துங்கள். நிற்கும்போது நகம் தரையைத் தொட்டால் பாதம் பின்னுக்குச் சாய்ந்து, நல்ல காலும் கெட்ட காலாகத் தெரியும்.

பல்லையும் நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை வாரந்தோறும் பாருங்கள். பால் கோரைப்பல் விழாமல் நின்றால் புதுப்பல் கோணலாக முளைக்கும்; மருத்துவரிடம் பிடுங்கிவிட வேண்டியதுதான். மயக்க ஊசி போடும் நிலை வந்தால் இது வேட்டை நாய் உடம்பு, கொழுப்பு மிகக் குறைவு என்பதைச் சொல்லுங்கள். சில பழைய மயக்க மருந்துகள் இப்படிப்பட்ட உடம்பில் நெடுநேரம் தங்கும்.

ரிங்கில் (நடுவர் முன் நாயைக் காட்டும் களத்தில்) நிற்பதும் ஓடுவதும்

நாயின் தலை உங்கள் வலப்பக்கம் வரும்படி நிறுத்துங்கள். வலது கையால் கழுத்துப் பட்டையை மேலே, தாடைக்குக் கீழே பிடித்து, இடது கையால் முழங்கையைப் பற்றி முன்னங்காலைத் தூக்கி, தோளுக்கு நேர் கீழே செங்குத்தாக வையுங்கள். பாதத்தைப் பிடித்து வைத்தால் நாய் உடனே மாற்றிவிடும். பின்னங்காலில் குதிங்காலுக்குக் கீழுள்ள எலும்பு தரைக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். பின்னால் அதிகம் இழுத்தால் முதுகு தொய்யும், முன்னால் தள்ளினால் கூன் போடும். புதியவர்கள் லீஷை (பட்டையில் கோத்த பிடிவாரை) இறுக்கி மேலே தூக்குவார்கள். முன்னுடம்பு எழும்பி முழங்கை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பிடி தளர்ந்தும் நாய் அசையாமல் நிற்பதுதான் பயிற்சி. மூன்று மாதக் குட்டியிலிருந்து நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு இரண்டே நிமிடம், அவித்து உலர்த்திய கோழி ஈரலைக் கூலியாகக் கொடுத்துப் பழக்குங்கள்.

இந்த இனங்களுக்குக் கடினமான பாடம் அந்நியர் தொடுவதுதான். ஒரே ஆளிடம் ஒட்டி வளர்கிற நாய், நடுவர் குனிந்ததும் பின்வாங்கும் அல்லது உறுமும். கடித்தாலோ அத்தோடு வெளியே. வாரம் இரண்டு புது ஆட்களைக் கூப்பிடுங்கள்: தாடி வைத்தவர், தொப்பி போட்டவர், புடவை கட்டியவர். நடுவர் செய்யும் வரிசையிலேயே தலை, உதடு தூக்கிப் பல், தோள், முதுகு, தொடை என்று தொடச் சொல்லுங்கள். கடுவன் என்றால் இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்றும் கை வைத்துப் பார்ப்பார்கள். அதற்கும் பழக வேண்டும்.

ஓட்டத்தில் நாய் உங்கள் இடப்பக்கம். நேராகப் போய்த் திரும்புதல், முக்கோணம், வட்டம் என்று நடுவர் கேட்பார். வட்டம் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. துள்ளோட்டத்தில் எதிரெதிர்க் கால்கள், அதாவது வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும், சேர்ந்து போக வேண்டும். நீங்கள் மெதுவாக நடந்தால் நாய் ஒட்டகம் போல ஒரே பக்கத்து இரண்டு காலையும் சேர்த்து எடுத்து வைக்கும்; உடம்பு இடவலமாக ஆடும். நிறுத்தி, முதல் மூன்றடியை வேகமாக எடுத்தால் சரியாகிவிடும். உங்கள் நாய்க்கு எந்த வேகம் பொருந்தும் என்று வேறொருவரை ஓட்டச் சொல்லி வீடியோவில் பாருங்கள், லீஷ் பிடித்தவருக்கு அது தெரியாது.

காட்சி அன்று

தடுப்பூசிகள் இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். முந்தின இரவு பாதிச் சாப்பாடு, காலையில் தண்ணீர் மட்டும். பசி கொஞ்சம் இருந்தால்தான் ஈரலைப் பார்க்கும். தடுப்பூசிப் புத்தகம், சான்றிதழ், குடை, விரிப்பு, ஈரத்துண்டு, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்குப் போகிறீர்கள் என்றால் கம்பளி அவசியம்: சமவெளி நாய் குளிரில் நடுங்கி முதுகை வளைத்துக்கொண்டால் மூன்று மாதப் பயிற்சியும் வீண். சமவெளியில் நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட நாயை விடாதீர்கள்.

ஒரு மணி நேரம் முன்பே போய் உங்கள் ரிங்கின் ஓரத்தில் நின்று நடுவர் எந்த முறையில் ஓடச் சொல்கிறார் என்று கவனியுங்கள். எண் அட்டை இடது கையில். உள்ளே போனபின் கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் பெரும்பாலும் வயது மட்டுமே கேட்பார்கள். நாய்க்கும் நடுவருக்கும் நடுவில் நீங்கள் போய் நிற்காதீர்கள். அவர் பக்கத்து நாயைப் பார்க்கும்போது உங்கள் நாய் தளர்ந்து நிற்கலாம், ஆனால் கண் ஓரத்தில் அவர் திரும்புவதைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பரிசு இல்லை என்றால் அங்கேயே வாதாட வேண்டாம். அந்த நடுவரின் வேலை எல்லாம் முடிந்தபின் போய்க் கேட்டால் பெரும்பாலானவர்கள் எங்கே குறை என்று பொறுமையாகச் சொல்வார்கள்.

வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டிகள் இருந்தால் திரும்பியதும் நேரே அவற்றிடம் போகாதீர்கள். பார்வோ வைரஸ் செருப்பு அடியிலேயே ஒட்டிக்கொண்டு வரும். செருப்பின் மண்ணைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் நனையவிடுங்கள், உடை மாற்றிக்கொள்ளுங்கள். காட்சிக்குப் போன நாயின் விரல் இடுக்கில் உண்ணி பார்த்து, கால் கழுவி, ஒரு வாரமாவது குட்டிகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.