அப்பா நாற்காலியில், நான் காருக்கு அடியில்

மூன்று வருஷத்துக்கு முன்னால், எங்கள் வேகன்ஆரை சர்வீஸ் முடித்து எடுத்துவந்த அன்று சாயங்காலம் அப்பா பானெட்டைத் திறக்கச் சொன்னார். நாமக்கல்லில் இருந்துகொண்டு முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். யார் வேலை பார்த்துக் கொடுத்தாலும் இன்ஜின் ஆயிலின் அளவு காட்டும் டிப் ஸ்டிக் கம்பியை ஒரு தடவை உருவிப் பார்க்காமல் விடமாட்டார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நின்றது. "அளவுக்கு மேல ஊத்திட்டாங்க கண்ணு. கிராங்க் சுத்துற சுத்துல நுரை கட்டிரும். நுரை கட்டுன ஆயில் வேலைக்கு ஆகாது" என்றார். மறுநாள் அதே பட்டறைக்குப் போய் அதிகப்படியை இறக்கிக்கொண்டு வந்தேன். அடுத்த தடவை இன்ஜின் ஆயிலை நானே மாற்றுவது என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். அவருக்கு இப்போது முட்டி மடங்காது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, கீழே படுத்து நான் செய்தேன். முதல் தடவை செய்யப்போகிறவர்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் மட்டும் அது முடியும்வரை பொறுத்திருங்கள்.

முதலில் மேனுவலை எடுங்கள். எந்த கிரேடு, ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் என்ற இரண்டும் அதில் இருக்கும். கடைக்காரர் சொல்வதையோ பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றுவதையோ வாங்காதீர்கள். நான் ஊற்றுவது 5டபிள்யூ-30. டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் குளிரில் ஆயில் எவ்வளவு சுளுவாக ஓடும் என்பதைச் சொல்வது. எண் சிறிதாக இருந்தால் அவ்வளவு சுளுவு. பின்னால் வருவது 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தனம். நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. அப்பாவின் லாரிக்கு 15டபிள்யூ-40தான். ஆனால் சின்ன பெட்ரோல் இன்ஜினில் ஆயில் ஓடும் சந்துகள் மெல்லிசு ஆயிலுக்கென்று அமைத்தவை. லாரிக்கு ஊற்றுவதைக் காருக்கு ஊற்றக்கூடாது என்று சொன்னதே அவர்தான்.

வேண்டியவை: ஆயில், ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்கு (இன்ஜினுக்கு அடியில் ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) ஒரு புது வாஷர், 17 நம்பர் ரிங் ஸ்பேனர் (உங்கள் வண்டிக்கு வேறு அளவாக இருக்கலாம்), புனல், பழைய துணி, ரப்பர் கையுறை. ஆயில் பிடிக்க, காலியான சமையல் எண்ணெய் கேன் ஒன்றைப் படுக்கப்போட்டு மேல்பக்கத்தை வெட்டிக்கொண்டேன். ஐந்து லிட்டர் கேன் போதும்.

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் ஒன்றே ஒன்றுதான். அது ஆயிலில் இல்லை, ஜாக்கியில் இருக்கிறது. வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்பக்கத்தைத் தூக்கியதும் மேனுவல் காட்டும் இடங்களில் இரண்டு ஜாக்கி ஸ்டாண்டைக் கொடுத்து, வண்டியின் பாரத்தை ஸ்டாண்டின் மேல் இறக்கிவிட வேண்டும். ஸ்டாண்டு இல்லாமல் ஹாலோ பிளாக்கை அடுக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது முன்கூட்டிச் சொல்லாது, ஒரே நொடியில் நொறுங்கிவிடும். ஸ்டாண்டு வைத்த பிறகு வண்டியைத் தோளால் இரண்டு தரம் பலமாக ஆட்டச் சொன்னார் அப்பா. அசையவில்லை என்று அவர் கண்ணால் பார்த்த பிறகுதான் கீழே போக விட்டார்.

இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அடியில் தங்கிய அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஓட்டிவந்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும். மேலே ஆயில் மூடியையும் திறந்து வையுங்கள், காற்றுப் போனால்தான் கீழே தடையில்லாமல் இறங்கும்.

கேனைப் போல்ட்டுக்கு நேர் கீழே வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஆயில் முதலில் வளைந்து பீய்ச்சும், குறையக் குறையத்தான் நேராக விழும். போல்ட்டின் தலையைப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்புங்கள். இளகியதும் ஸ்பேனரை வைத்துவிட்டு விரலால்தான் கழற்ற வேண்டும். கழற்றும்போதே போல்ட்டை மேல்பக்கமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். கடைசி மரை விட்டது விரலுக்குத் தெரியும். அப்போது வெடுக்கென்று பக்கவாட்டில் எடுத்துவிட்டால் கையில் ஆயில் படாது, போல்ட்டும் கேனுக்குள் விழாது.

வடியட்டும், பதினைந்து நிமிஷம். அப்பா ஒரு சொட்டைக் கேட்டு வாங்கி, விரல்களுக்கு நடுவில் தேய்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். கறுப்பாக இருந்தால் கவலை இல்லை. மினுமினுவென்று உலோகத்தூள் தெரிந்தாலோ, பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ மெக்கானிக்கிடம் போக வேண்டும். பால் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். அவர் தொட்டுப் பார்ப்பது பழக்கம், நீங்கள் கையுறையோடு பாருங்கள். பழைய ஆயில் தோலுக்கு மிகவும் கெடுதல். அப்பாவின் விரல்களின் வரிகளில் ஏறிய கறுப்பு ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகியும் போகவில்லை.

போல்ட்டைத் திரும்பப் போடும்போது புது வாஷர். முதல் நாலைந்து சுற்று விரலால் மட்டும். மரை மாறி ஏறினால் விரல் அங்கேயே நின்றுவிடும், ஸ்பேனருக்கு அது தெரியாது; அப்படியே மரையை அறுத்துக்கொண்டு போகும். என் வண்டிக்கு இறுக்கும் அளவு 35 நியூட்டன் மீட்டர். ஒரு அடி நீளக் கைப்பிடியின் நுனியில் பன்னிரண்டு கிலோ பாரம் தொங்கினால் எவ்வளவு இறுகுமோ, அவ்வளவுதான். இரண்டு கையால் தொங்கத் தேவையில்லை.

ஃபில்டர்தான் எனக்குப் பாடம் சொன்ன இடம். பழையதைக் கழற்றித் துடைத்துவிட்டுப் புதியதை மாட்டப் போனேன். அப்பா நாற்காலியிலிருந்தே, "பழசைக் காட்டு கண்ணு" என்றார். காட்டினேன்.

"ரப்பர் எங்க?"

ஃபில்டரின் வாயைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் காணோம். டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜினின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு, அதே கறுப்பில், இருப்பதே தெரியாமல் இருந்தது. அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டியிருந்தால் ரப்பர் மேல் ரப்பர் வழுக்கி, ஸ்டார்ட் பண்ணியதும் ஆயில் மொத்தமும் வெளியே வந்திருக்கும். நகத்தால் நெம்பி எடுத்தேன். பழைய ஃபில்டரில் ரப்பரைப் பார்க்காமல் புதியதைக் கையில் எடுக்காதீர்கள். புது ரப்பரில் ஒரு சொட்டுப் புது ஆயிலை விரலால் தடவி, கையாலேயே திருகி, ரப்பர் முகத்தில் தொட்ட பிறகு முக்கால் சுற்று. ஃபில்டரை இறுக்க ஸ்பேனர் எதுவும் வேண்டாம்.

மேனுவல் சொல்லும் அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். கியரை நியூட்ரலுக்கு மாற்றி இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். ஒரு நிமிஷம் ஓடவிட்டுக் கீழே கசிவு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், அடியில் போக வேண்டாம். பிறகு நிறுத்தி, ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஐந்து நிமிஷம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்து, திரும்ப உள்ளே விட்டு, எடுத்துப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல்கோட்டை ஒட்டிக் கொண்டுவந்தால் போதும். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு டேப்பில் எழுதிப் பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முன்னால் வருகிறதோ அது எங்கள் வண்டிக்குக் கணக்கு.

பழைய ஆயிலைத் தயவுசெய்து சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். 2016ஆம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளில் இதுவும் வருகிறது. எங்கள் பக்கம் சென்ட்ரிங் பலகைக்குப் பூச என்று கேட்டு வருவார்கள். கடைசியில் அதுவும் மண்ணுக்குத்தான் போகும் என்பதால் நான் கொடுப்பதில்லை. ஃபில்டரை இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்து வடித்து, எல்லாவற்றையும் மூடி போட்ட கேனில் ஊற்றி, பழைய ஆயில் பேரல் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுவேன். வேண்டாம் என்று சொன்னவர்கள் யாரும் இல்லை.

அன்று ராத்திரி இன்ஜினுக்கு நேர் கீழே ஒரு செய்தித்தாளை விரித்துக் கல் வைக்கச் சொன்னார் அப்பா. விடிந்ததும் எனக்கு முன்னால் எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு போய் அவரே பார்த்துவிட்டு வந்தார். "ஒரு பொட்டுகூட இல்ல கண்ணு. எடுத்துட்டுப் போ."