மாட்டு உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள்

மாட்டின் காதிலும் மடியோரத்திலும் கொழுத்துத் தொங்கும் உண்ணியைப் பிடுங்கி, கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்குவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பழக்கம். கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் வைரஸ் ஹயலோமா வகை உண்ணியில் இருக்கிறது. கால்களில் பழுப்பும் வெளுப்புமாக வளையம் போட்டிருக்கும், வேகமாக ஓடும். அது கடிக்கவே வேண்டாம். நசுங்கிய உண்ணியின் ரத்தம் விரலிலுள்ள கீறலில் பட்டாலே தொற்றலாம். இந்தியாவில் இந்நோய் முதலில் உறுதியானது 2011 ஜனவரியில், குஜராத்தில். அந்த நோயாளிக்குச் சிகிச்சையளித்த மருத்துவரும் செவிலியரும்கூட இறந்தார்கள்.

கையுறை போட்டு, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். எடுத்ததை ஸ்பிரிட்டில் போட்டு, கையைச் சோப்பால் கழுவுங்கள்.

“மாடு நல்லாத்தானே மேயுது” என்று நம்பிவிடாதீர்கள். வைரஸ் ஏறக்குறைய ஒரு வாரம் மாட்டு, ஆட்டு ரத்தத்தில் இருக்கும். நோய்க்குறி எதுவும் தெரியாது. அறுப்புக்கு இரண்டு வாரம் முன்பே உண்ணி நீக்கிவிட வேண்டும். அறுக்கும்போதும் கன்று ஈனும்போதும் கையுறை கட்டாயம்.

மருந்தடித்தும் உண்ணி திரும்பி வருகிறது என்று பலர் நொந்துகொள்கிறார்கள். காரணம் கொட்டகை. ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மாட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் அந்த முட்டைகள் பிழைத்துக்கொள்ளும். விரிசல்களைச் சிமெண்டால் அடைத்து, சுவருக்கும் தரைக்கும் மருந்தடித்து, இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை அடியுங்கள். மாட்டின் மேல் அடிக்க, அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்து 12.5% என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. கண்ணளவு வேண்டவே வேண்டாம்: குறைந்தால் உண்ணி மருந்துக்குப் பழகிவிடும், கூடினால் மாடு நஞ்சேறித் தள்ளாடும். காதின் உட்புறம், வாலடி, தொடையிடுக்கு எல்லாம் நனைய வேண்டும். உண்ணி ஒளிவது அங்கேதான். எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதை லேபிளில் பாருங்கள்.

அமிட்ராஸைக் குதிரைக்கும் பூனைக்கும் போடக் கூடாது. நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனையைக் கொன்றே விடும்.

உண்ணியையோ ரத்தத்தையோ தொட்ட இரண்டு வாரத்துக்குள் திடீர்க் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் ஆஸ்பிரின், இபுபுரோஃபென் விழுங்காதீர்கள்; ரத்தக்கசிவு கூடும். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் உண்ணி விஷயத்தைத்தான் முதலில் சொல்லுங்கள். அப்போதுதான் மருத்துவர் உங்களைத் தனிமைப்படுத்தி, தாமும் பாதுகாப்பாகச் சிகிச்சை தர முடியும்.